கை பம்பை நம்பிய நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் ஜொகூர் பாருவில் ஒரு கார்ப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். யோங் பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துத் துரை ஒருவர், மேட்டுச்சாலைப் பந்தயம் ஒன்றில் ஓட்டுவதற்காகத் தம் காரை எங்களிடம் விட்டிருந்தார். எஞ்சினைப் பிரித்து, இரட்டைக் கார்புரேட்டர் மாட்டி, அதன் பலத்தை வெகுவாகக் கூட்டியிருந்தோம்.

சமதரையில் பறந்த கார், மேட்டில் முழு வேகத்தில் ஏறும்போது இருமி இருமி நின்றது. காரணம் தெரிந்ததுதான். பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து எஞ்சினே பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. முழு வேகத்தில் உறிஞ்சும் விசை குறைந்துவிடும். பெட்ரோல் அதிகம் வேண்டிய நேரத்தில்தான் வராது.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருந்தது. எனக்கு ஓரிடத்தில் நிற்கவே முடியவில்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போய்க் காரின் மூடியைத் திறந்து பார்ப்பேன்.

என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கை பம்பால் டேங்குக்குள் காற்றடித்து, அந்த அழுத்தத்தால் பெட்ரோலை முன்னால் தள்ளுவது. மற்றது, சிங்கப்பூரில் புதிதாக விற்பனைக்கு வந்திருந்த மின்சார பம்ப். எங்கள் பட்டறையின் சீன வயர்மேன் மின்சார பம்பைத்தான் சொன்னார். பழைய டேங்க், ஈயம் வைத்து ஒட்டியது, காற்றழுத்தம் தாங்காது என்று மலாயில் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பேட்டரி செத்தால் காரும் செத்துவிடும் என்று நான் அவர் வாயை அடைத்தேன். அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனால் மின்சாரம் என்றால் பேர் அவருக்குப் போய்விடும் என்பதுதான் என் மனதுக்குள் ஓடியது. கை பம்பையே மாட்டினேன்.

ஒரு காலையில் காரைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினோம். ஓட்டியவர் துரையின் டிரைவர். நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன், அதிகம் பேசாத தமிழர். பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதல் மேட்டில் கார் இருமவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது மேடு தாண்டியதும் அழுத்தத்தைக் காட்டும் ஊசி இறங்கியது. அடித்தேன். ஏறியது. மறுபடி இறங்கியது. இன்னும் வேகமாக அடித்தேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது.

"அண்ணே, வாடை அடிக்குது. ஓரமா நிறுத்திப் பாப்பமா?" என்றார் டிரைவர்.

புது வேலை என்றால் கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும், நிறுத்தாமல் போங்கள் என்றேன்.

வளைவுக்கு அப்பால் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் அடுப்பு மூட்டித் தார் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பெண் சிவப்புக் கொடி காட்டினாள். நடுவில் நின்றால் சோதனை வீணாகிவிடும் என்று, மெதுவாக ஓரம் கட்டிப் போய்விடச் சொன்னேன். டிரைவர் வேகத்தைக் குறைத்தார். அந்தப் பெண் மூக்கைச் சுளித்தாள். காரின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அடுத்த நொடி ஓடி வந்து காருக்கு நேர் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள். டிரைவர் பிரேக்கை மிதித்த மிதியில் என் நெற்றி கண்ணாடியில் இடித்தது.

வழியை விடும்மா என்று கத்தினேன். அவள் அசையவில்லை.

"பின்னால எண்ணெ ஊத்திக்கிட்டே வருதுய்யா. அங்க நெருப்பு எரியுது, கண்ணு தெரியலியா?"

இறங்கிப் பார்த்தேன். டேங்கின் ஒட்டு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. பெட்ரோல் பீறிட்டு, சூடான புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. வந்த வழியெல்லாம் ஈரக்கோடு. ஊசி இறங்க இறங்க நான் அடித்த காற்று, பெட்ரோலை நடுரோட்டில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தார் அடுப்பு இருபது முப்பது அடியில் எரிந்தது. அதைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

டிரைவர் எஞ்சினை அணைத்தார். டேங்க் மூடியைத் திறந்து காற்றை வெளியே விட்டவரும் அவர்தான். அதற்குள் அந்தப் பெண் ஆட்களைக் கூப்பிட்டு அடுப்பில் மண்ணைக் கொட்ட வைத்தாள். பிறகு தானே கூடை கூடையாக மணலைச் சுமந்து வந்து காருக்கடியில் போட்டாள். நான் கும்பிட்டேன். அவள் பார்க்கவில்லை. வேலை கெட்டுப்போனதற்குக் கங்காணியிடம் ஏச்சு வாங்கப் போய்விட்டாள். அவளுக்காக நான் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் துரையிடம் தவறு என்னுடையதுதான் என்று சொன்னேன். அடுத்து வயர்மேனிடம் போய், நீங்கள் சொன்னதே சரி என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பிளவைத் தடவிப் பார்த்தார். யாருக்காவது அடிபட்டதா என்று மட்டும் கேட்டார். புது டேங்க் செய்து, இரண்டு மின்சார பம்புகளை இருவருமாகச் சேர்ந்து பொருத்தினோம். பந்தயத்தில் கார் இரண்டாவது வந்ததா மூன்றாவது வந்ததா என்பது எனக்கு நினைவில்லை.

அதன்பிறகு எத்தனையோ வண்டிகள் என் கைக்கு வந்து சரியாகிப் போயிருக்கின்றன. ஆனால் என்னிடம் ஒருவர் 'இது சரியாக வராது' என்று சொல்லும்போது, பதில் பேச வாயெடுப்பதற்கு முன், என் பிடிவாதத்துக்கு முன்னால் கைவிரித்து நின்ற அந்தப் பெண்ணுக்கு நான் பட்ட கடன் நினைவுக்கு வந்துவிடுகிறது.