கரண்ட் கதிர் வீட்டுக்கு நான் எழுதிய வழி

போன ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூர் போனேன். ஊர் சுற்ற அல்ல, மன்னிப்புக் கேட்க. ராக் பாடகர் கரண்ட் கதிர் அங்கே தன் அக்காவோடு குடியிருந்தார். எந்தத் தெரு, எந்தக் கேட் என்று ஆறு மாதத்துக்கு முன் இதே வலைப்பூவில் படம் போட்டு எழுதிய புண்ணியவான் நான்தான். அதைப் படித்துவிட்டு வந்தவர்களின் தொல்லை தாங்காமல் வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டதாக ஒரு வாசகர் பின்னூட்டம் போட்டிருந்தார். பதிவை உடனே நீக்கினேன்.

எழும்பூரில் காலை 7.10 மின்ரயில். டிக்கெட் பத்து ரூபாய், தாம்பரத்துக்கு ஐம்பது நிமிடம். அங்கிருந்து இரும்புலியூர் இரண்டு கிலோமீட்டர் சொச்சம், ஆட்டோவுக்கு நூறு ரூபாய் (பேரம் பேசும் தெம்பு இல்லை).

கதிரைத் தெரியாதவர்களுக்கு: கல்லூரி விழாவில் முதல் பாட்டிலேயே மின்சாரம் போய்விட, மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்கிற மாதிரி பாடி முடித்தவர். பட்டப்பெயர் அன்று ஒட்டிக்கொண்டது. தமிழில் ராக்கா என்று சிரித்தவர்கள் நடுவே பன்னிரண்டு வருடம், நான்கு ஆல்பம், பெங்களூரு வரைக்கும் மேடைகள். பிறகு தொண்டையில் புற்றுநோய். அறுவை சிகிச்சையோடு குரல் போய்விட்டது. சொல்ல வேண்டியதைக் கைபேசியில் தட்டிக் காட்டுகிறார். இதெல்லாம் தெரிந்தும்தான் வழி எழுதினேன். என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

ஆட்டோக்காரரிடம் தெருப் பெயரை மட்டும்தான் சொன்னேன்.

"பாட்டுக்காரர் வூடா? குந்து சார். ஞாயித்துக்கெழமன்னா நாலு சவாரி கீது. பாவம், அந்தாளால பேசவே முடியாது. இவனுங்க கேட்டாண்ட நின்னுகினு பாடு பாடுன்றானுங்க."

நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டுத் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டேன்.

கதிர் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி நின்றது. சுற்றுச்சுவர் முழுக்க, வந்தவர்கள் பெயின்டில் கிறுக்கிவிட்டுப் போன கதிரின் பாட்டு வரிகள். கேட்டருகே நின்ற அவருடைய அக்காவிடம் நான் யாரென்று சொன்னேன்.

"ஓ, நீங்கதானா சார்? வழி ரொம்ப நல்லா எழுதியிருந்தீங்க. வந்தவங்க ஒருத்தர்கூட தெரு மாறிப் போகல."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "மன்னிச்சிடுங்கக்கா" என்றேன்.

அதற்குள் கதிரும் லாரி டிரைவரும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு கை பிடிக்கலாம் என்று ஓடினேன். அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"வேணாம் சார். எங்க போறோம்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்."

கதிர் கட்டிலை இறக்கி வைத்துவிட்டுக் கைபேசியில் தட்டி என்னிடம் நீட்டினார். 'நீங்க மொதல்ல கெளம்புங்க சார். அப்புறம்தான் வண்டி எடுப்போம்.' முகத்தில் கோபம்கூட இல்லை. மெயின் ரோடு வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

அந்தப் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்கள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போங்கள். செவ்வாய் விடுமுறை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கதிரின் பாட்டை உங்கள் வீட்டிலேயே கேளுங்கள். அவருடைய புது முகவரியைக் கேட்டு எனக்கு எழுதாதீர்கள், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிடக் கூடாதென்றுதான் அந்த இரண்டு பேரும் வீட்டுச் சாமானை வெயிலில் போட்டுவிட்டு, நான் தெருவைத் தாண்டும்வரை காத்துக்கொண்டு நின்றார்கள்.