பெர்சிஸ் மேடையில் கேட்டது

பட்டாசு ஆலை வெடித்துப் பெற்றோர் இறந்தபின், பெர்சிஸ் சிவகாசியில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தாள். 2006-இல் பதினெட்டு வயதானதும் அவளையும் தோழி நாதியாவையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். இருவருக்கும் அச்சகத்தில் காலண்டர் ஒட்டும் வேலை கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை.

"பெத்தவுக யாரு?" என்று போன இடமெல்லாம் கேட்டார்கள். இல்லத்தில் வளர்ந்தவர்கள் என்றதும் கதவைச் சாத்தினார்கள். பொறுப்பாளராகக் கையெழுத்துப் போடும்படி இல்லத்தின் நிர்வாகி பால்துரையிடம் கெஞ்சினார்கள்.

"இனிமே நீங்க எங்க பொறுப்பு இல்லம்மா" என்று அவர் கைகழுவினார். வேறு வழியில்லாமல் அச்சகத்தில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு இல்லத்தில் ஆண்டு விழா. தங்களிடம் வளர்ந்து வேலைக்குப் போகும் பிள்ளை என்று பால்துரை பெர்சிஸை மேடையேற்றினார். நன்றி சொல்வாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எங்க பிள்ளைன்னு சொல்லித்தான இத்தன வருசம் நன்கொடை வாங்குனீக? வீட்டுக்கு ஒரு கையெழுத்து கேட்டா மட்டும் நான் யாரோவா? நாங்க எங்கன போய்ப் படுக்க?" என்று மைக்கிலேயே கேட்டாள் பெர்சிஸ்.

கூட்டத்திலிருந்து துணிக்கடை பைரோஜா எழுந்தார். "எங்க மாடி சும்மாதான் கெடக்கு, வாங்கம்மா" என்றார்.

பெர்சிஸும் நாதியாவும் அந்த மாடிக்குக் குடிபோனார்கள். அடுத்த வருடம் இல்லத்தைவிட்டு வந்த வேறு இரண்டு பெண்களையும் பெர்சிஸ் அங்கே சேர்த்துக்கொண்டாள். வாடகையைப் பகிர்ந்துகொண்டார்கள். யாராவது பாராட்டினால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"மாடியில நாலு பேருக்குத்தான் இடம். மத்த பிள்ளைக எங்க போகும்னு பால்துரைகிட்டப் போய்க் கேளுங்க."