நன்மை வாங்காத ஈஸ்டர்கள்

இதை எழுத எனக்கு ஆறு வருசம் ஆகிவிட்டது. பத்தாவது வரை படித்தவள் நான். நோட்டை எடுப்பேன், நாலு வரி எழுதுவேன், கோவில் சனம் படித்தால் என்ன நினைக்கும் என்று கிழித்துப் போட்டுவிடுவேன். வீட்டுக்காரரைப் பற்றியும் எழுதவேண்டி வருகிறதே என்ற கூச்சம் வேறு. ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலத்தில் அவரே சொல்லிவிட்டார், "எழுதிரு. எனக்கு ஒண்ணும் மானம் போயிறாது."

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். அவர் உசிலம்பட்டிப் பக்கம், இந்து. மேலூரில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். விரும்பித்தான் கட்டிக்கொண்டோம். அவர்கள் ஊர்க் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் ஒரு பேச்சுப் பேசிக்கொண்டோம். "உன் சாமி உனக்கு, என் சாமி எனக்கு. இதுல மட்டும் ஒருத்தரை ஒருத்தர் இழுக்கக் கூடாது" என்றார். நானும் சரி என்றேன்.

அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து என்னை வாசலில் நிறுத்தி வைத்தே சொன்னார், "அவன் தலையில ஞானஸ்நானத் தண்ணி விழுந்தாத்தான் உனக்கு இனிமே நன்மை. அது வரைக்கும் கோவிலுக்குப் போ, கும்பிடு, வந்துரு."

நன்மை என்று நாங்கள் சொல்வது பூசையில் சாமியார் தரும் அப்பத்தை. எங்களுக்கு அது ஆண்டவருடைய உடல். அப்பா கோபத்தில் சொன்னதை நான் திருச்சபைச் சட்டம் என்றே எடுத்துக்கொண்டேன். எந்தச் சாமியாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்டால் இவரைக் கூப்பிட்டு மாறச் சொல்வார்கள், நான் கொடுத்த வாக்கு போய்விடும் என்று பயம். பிள்ளை இருந்திருந்தால் அதன் ஞானஸ்நானத்துக்காவது சாமியாரிடம் போய் நின்றிருப்பேன். அதுவும் இல்லை.

மற்ற ஞாயிற்றுக்கிழமைகளை எப்படியோ தள்ளிவிடுவேன். ஈஸ்டர்தான் முடியாது. வருசத்துக்கு ஒரு தடவையாவது, அதுவும் ஈஸ்டரை ஒட்டி வரும் பாஸ்கா காலத்தில், நன்மை வாங்கியே ஆகவேண்டும் என்று சின்ன வயதில் மனப்பாடம் பண்ணினவர்கள் நாங்கள். பெரிய வெள்ளியன்று வெறுமையாகக் கிடந்த பீடம் நிறைய அன்றைக்குப் பூவாக இருக்கும். சாவை ஜெயித்து எழுந்த ஆண்டவர் கடற்கரையில் தீ மூட்டி, மீன் சுட்டு, தன்னை விட்டு ஓடிப்போன சீடர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார் என்று சாமியார் பிரசங்கம் வைப்பார். ஈஸ்டர் என்றால் எனக்கு அதுதான். கோபித்துக்கொள்ளாமல் சாப்பிடக் கூப்பிடுகிறார். என் காதில் நன்றாக விழுகிறது. எழுந்து போகத்தான் முடியவில்லை.

எல்லாரும் வரிசையில் போவார்கள். நான் கடைசி பெஞ்சில் முழங்காலை ஒதுக்கி வழி விடுவேன். பூசைக்கு முன்னால் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருந்தால்தான் நன்மை வாங்கலாம் என்பதால், யாராவது கேட்டால், "காப்பி குடிச்சிட்டேன்க்கா" என்பேன்.

பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தி விடமாட்டாள். "வருசா வருசம் ஈஸ்டர் பூசைக்குன்னு பார்த்துக் காப்பியக் குடிச்சிட்டு வார. அப்படி என்ன காப்பிடி அது, எங்களுக்கும் ஒரு நாள் போட்டுத் தாயேன்."

அம்மா மட்டும் எதுவும் கேட்கமாட்டாள். நன்மை வாங்கிக்கொண்டு நேரே கடைசி பெஞ்சுக்கு வருவாள். வாயில் அப்பம் கரைகிற வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பாள். பத்தொன்பது ஈஸ்டருக்கு இப்படித்தான்.

அப்பா போன பிறகு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைசியில் படுக்கையில் விழுந்தாள். டிசம்பர் முதல் வெள்ளியன்று, ஊருக்குப் புதிதாக வந்திருந்த சாமியார் அவளுக்கு நன்மை கொண்டுவந்தார். வாங்கி முழுங்கிவிட்டு அம்மா கேட்டாள், "ஃபாதர், இன்னொண்ணு இருக்கா? எம் மகளுக்கும் குடுங்க. பத்தொன்பது வருசமாப் பட்டினி கிடக்கா."

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. சாமியாரை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார், "அவர் மாறணும்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?" மாறவேண்டியதே இல்லையாம். எங்கள் கோவிலில் வைத்துக் கல்யாணம் ஆகாததுதான் தடையாம். ஆயரிடம் அனுமதி வாங்கி, ரெண்டு சாட்சி வைத்து, கோவிலில் கல்யாண வாக்குறுதி சொன்னால் போதுமாம். அப்புறம் நான் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும், அவ்வளவுதானாம். "அவரைக் கூட்டிட்டு வாங்க. அரை மணி நேர வேலை" என்றார்.

அப்படியும் நான் இவரிடம் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஜனவரி முதல் வெள்ளிக்குச் சாமியார் மறுபடி வந்தார், அம்மாவுக்கு மட்டும் கொடுத்தார். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொங்கல் கழிந்து இரண்டாம் நாள் போய்விட்டாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு இவரும் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுந்து போகாததைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்பும்போது பைக்கை ஓட்டிக்கொண்டே கேட்டார், "உங்கம்மாவுக்காகவாவது போயி வாங்கியிருக்கலாம்ல?"

அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வண்டியை ஓரங்கட்டினார்.

"இழுக்கக் கூடாதுன்னுதான பேசினோம். கேக்கக் கூடாதுன்னா பேசினோம்?" என்றார்.

தவக்காலத்தில் ஒரு நாள் சாயங்காலம், பீடத்துக்குப் பக்கத்தில் இரண்டு சாட்சிகள் மட்டும் நிற்க, சாமியார் எங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். இவர், "ரெண்டாந் தடவையும் இவளேதானா ஃபாதர்? மாத்தித் தர வழி இல்லையா?" என்று கேட்டார். சாமியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

ஈஸ்டர் காலையில் நானும் வரிசையில் போய் நின்று நன்மை வாங்கினேன். நாக்கில் வைத்ததும் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. பசி தீர்ந்தது என்று மட்டும் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் அம்மாவைத் தேடிற்று.

வெளியே இவர் வண்டியோடு நின்றார். "வாங்கிட்டியா?" என்றார்.

"ம். அம்மா ரெண்டு மாசம் பொறுத்திருக்கலாம்."

"நீ ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் நன்மை வாங்குகிறேன். வாங்குகிறபோதெல்லாம் அந்த ஜனவரி முதல் வெள்ளி ஞாபகம் வருகிறது. அன்றைக்கே எனக்கும் ஒன்று வந்திருக்கும், அம்மா படுத்தபடியே பார்த்திருப்பாள். உயிர்த்தெழுதல் உண்டு என்று விசுவசிக்கிறேன். ஒரு நாள் அம்மாவிடம் நேரிலேயே சொல்லுவேன். அது வரைக்கும் இந்த ஏக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தக் கோவிலிலாவது கடைசி பெஞ்சில் முழங்காலை ஒதுக்கி உட்கார்ந்திருக்கிற பொம்பளையைப் பார்த்தால், இதை அவளிடம் சொல்லுங்கள். நடந்தபடியே சொல்லுங்கள். இவர் ஞானஸ்நானம் வாங்கினார் என்று சேர்த்துவிட வேண்டாம். வாங்கவில்லை, இன்றைக்கும் அவர் சாமியைத்தான் கும்பிடுகிறார். புதுமை, அற்புதம் என்று ஏதோ நடந்ததாகவும் சொல்ல வேண்டாம். நான் கேட்காமல் இருந்ததையும், அதனால் அம்மா பார்க்காமல் போனதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டால்தான் அவள் எழுந்து போய்ச் சாமியாரிடம் கேட்பாள்.