கேங்மேன் குவார்ட்டர்ஸ், ஆறாவது வீடு

என் தாத்தா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனை ஒட்டிய குவார்ட்டர்ஸில் ஆறாவது வீடு அவருடையது. அப்பா பிறந்தது அங்கேதான். மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிற அப்பாவுக்காக இன்று அந்த வீட்டைத் தேடிப் போனேன்.

அவர் சொன்ன அடையாளம் ஒன்றே ஒன்று.

"வாசப்படில நின்னா சிக்னல் கை எறங்குறது தெரியும். தெரிஞ்சா அதான் நம்ம ஊடு."

சிக்னலுக்கு இப்போது கை இல்லை, விளக்குதான். வீடுகள் இருந்த இடத்தில் பைக் ஸ்டாண்டு. டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தேன்.

"குவார்ட்டர்ஸா? அத இடிச்சி எந்தக் காலமோ ஆச்சே சார். வண்டி உடலன்னா கொஞ்சம் வழி உடுங்க."

திரும்பி வரும்போது ரயிலில் அப்பாவின் போன்.

"ஊடு கீதாடா?"

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருக்குப்பா. பூட்டிக் கெடக்குது."



"அப்ப ஞாயித்துக்கெழம என்னை இட்டுகினு போ. பூட்டிக் கெடந்தா இன்னா, வாசப்படி வெளியதான கீது?"

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வாசற்படி வேண்டும். எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.