சிவப்புப் புள்ளி வைத்த பாட்டில் ஸ்டாண்டு

தொழிற்சாலையில் அவளுக்கு ஆட்டக்காரி என்று பெயர். ஆடத் தெரிந்து வந்த பெயர் இல்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிற சுபாவம் அவளுக்கு. சைக்கிள் சாமான் செய்கிற அந்தத் தொழிற்சாலையின் பின்பக்கம் ஒரு சின்ன அறை, அதற்குள் ஓர் இரும்பு மேஜை. சுவிட்சைத் தட்டினால் மேஜை தடதடவென்று ஆடும், குண்டும் குழியுமான ரோட்டில் சைக்கிள் போவது மாதிரி. அதன் மேல் பாட்டில் ஸ்டாண்டுகளைத் திருகி மாட்டி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைச் சொருகி, ஆட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை. அலுமினியக் கம்பியை வளைத்து ஒட்டுப்போட்டுச் செய்த ஸ்டாண்டுகள். சைக்கிளின் சாய்வுக் கம்பியில் பொருத்துகிறோமே, அவைதான்.

காதில் பஞ்சு வைத்துக்கொள்வாள். அப்படியும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கத்தித்தான் பேசுவாள். "மெதுவாப் பேசும்மா, எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்லப் போறாரு" என்பான் புருஷன்.

அந்த அறையில் இருந்து இருந்து, எது எப்படி உடையும் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. ஒட்டுப்போட்ட இடம் லேசில் உடையாது. அதற்குப் பக்கத்திலேயே, ஒட்டின சூடு பட்ட கம்பியில்தான் முதலில் மயிரிழை மாதிரி ஒரு கோடு விழும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் கோடு ஓடி ஓடி மறுபக்கம் போய்ச் சேர்ந்ததும் ஸ்டாண்டு வாயைப் பிளந்துகொள்ளும். உடையாமல் தாக்குப்பிடித்தவற்றுக்குச் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு புள்ளி வைத்து, வெளியே இருந்த டிரம்மில் போட்டுவிடுவாள். உருக்குவதற்குப் போகும்.

"தேறினதை எதுக்கு அக்கா தூக்கிப் போடறீங்க?" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள்.

"பட வேண்டிய அடியெல்லாம் பட்டுட்டு நிக்குது. இனி எப்ப விடும்னு அதுக்கே தெரியாது" என்பாள்.

புருஷன் ஒரு மருந்துக்கடையில் இருந்தான். வீடு வீடாகக் கடைச் சைக்கிளில் போய் மருந்து கொடுக்கிற வேலை. படுத்த படுக்கையாகக் கிடக்கிற கிழவர்களிடம்கூட ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் படியிறங்குவான். தெருவில் எல்லோரும் அவனை மாத்திரை என்றே கூப்பிட்டார்கள். "மாத்திரை வந்தாச்சு" என்று குரல் கேட்டால் அது மருந்தா ஆளா என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

மாடியில் ரெண்டு அறை. அவனுடைய அக்காவும் அவர்களோடுதான் இருந்தாள். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா. பஸ் சத்தத்தையும் பிள்ளைகள் சத்தத்தையும் அடக்கி அடக்கி அவளுக்கும் வெண்கலக் குரல். இந்த நாத்தனாருக்கும் ஆட்டக்காரிக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துவரவில்லை. சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். "தம்பி, குழாயை மூடச் சொல்லு." "என்னங்க, மூடியாச்சுன்னு சொல்லுங்க." ரெண்டு பேருமே ஊருக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். ஆனாலும் அவன் நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் சொல்லுவான், கூடக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து.

பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்த தண்ணீர் வெயிலில் நாறுகிறது என்று நாத்தனார் அவனுக்கு ஓர் எவர்சில்வர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாள். கையில் எடுத்தாலே கனக்கும். சைக்கிளோடு வந்த பிளாஸ்டிக் ஸ்டாண்டு அந்தக் கனம் தாங்காமல் விரிந்துபோனது.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் அவன் வேலை சீக்கிரம் முடிந்து, அவளைக் கூட்டிப்போகத் தொழிற்சாலைக்கு வந்தான். வாசலில் இருந்த காவலாளி தெரிந்த ஆள். உள்ளே விட்டுவிட்டார். அவள் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் டிரம்மில் கைவிட்டு ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். மறுநாள் காலையில் சைக்கிளில் அது மாட்டியிருந்தது. சிவப்புப் புள்ளியைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இதை எங்க எடுத்தீங்க?"

"குப்பையிலதானே கிடந்துச்சு? நீ அந்த ஆட்டு ஆட்டியே உடையாத சாமான். என் ஆயுசுக்கும் வரும்."

"உடையலைன்னாலும் உள்ளுக்குள்ள விட்டுப்போயிருக்கும். கழட்டிடுங்க."

"சரிம்மா, ஞாயித்துக்கிழமை."

ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன, போயின. அவளும் ரெண்டு தடவை சொன்னாள், மூன்று தடவை சொன்னாள். பிறகு சொல்லிச் சொல்லி வாய் வலித்து விட்டுவிட்டாள். ஒருநாள் காலையில் சைக்கிளைத் துடைக்கும்போது ஒட்டுக்குப் பக்கத்தில் விரலை ஓட்டினாள். நகம் எதிலோ தட்டியது. ஓடிப்போய் வீட்டிலிருந்த திருப்புளியைக் கொண்டுவந்து தானே கழற்ற உட்கார்ந்தாள். திருகாணியின் தலை தேய்ந்து கிடந்தது, வழுக்கி வழுக்கிச் சுற்றியது. தொழிற்சாலை பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்தது. "என்னங்க, கோடு விழுந்திடுச்சு, இன்னிக்கே கடையில குடுத்துக் கழட்டிடுங்க" என்று படியிலிருந்து கத்திவிட்டு ஓடினாள். அவன் உள்ளே குளித்துக்கொண்டிருந்தான். அவன் காதில் விழுந்ததா என்பது அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

அந்த வாரத்திலேயே நடந்துவிட்டது. பாலத்திலிருந்து இறங்குகிற சரிவு, பட்டப்பகல். முன்னால் போன வண்டி நின்றதும் இவன் பிரேக்கைப் பிடித்திருக்கிறான். ஸ்டாண்டு விட்டு, எவர்சில்வர் பாட்டில் முன்சக்கரத்துக்கும் கம்பிக்கும் நடுவில் போய்ச் செருகிக்கொண்டது. சக்கரம் அப்படியே நின்றுவிட்டது, ஆள் மட்டும் முன்னால் தூக்கி எறியப்பட்டான். நடைபாதைக் கல்லில் தலை மோதியது. மருந்துப் பொட்டலங்கள் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தன. எதிரே இருந்த டீக்கடைக்காரர் சொன்னார்: பாதிப் பேர் மருந்தைப் பொறுக்கினார்களாம், பாதிப் பேர்தான் ஆளைத் தூக்கினார்களாம்.

பிழைப்பானா மாட்டானா என்று டாக்டர்கள் வாயைத் திறக்கவில்லை. நாத்தனாரும் அவளும் ஆஸ்பத்திரியில் மாறி மாறிக் காத்துக் கிடந்தார்கள். நடுவில் சொல்ல ஆள் இல்லாததால் வேறு வழியில்லாமல் நேராகப் பேசிக்கொண்டார்கள். "டாக்டர் வந்தாரா?" "இன்னும் இல்லை அண்ணி."

ஒரு காலையில் அவன் கண்ணைத் திறந்து அவளைத்தான் பார்த்தான்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?"

நாத்தனார் வந்துவிட்டாளோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாருமே இல்லை. அவன் அவளைத்தான் கூப்பிட்டிருந்தான். 'ஏம்மா', 'இங்க வா' என்று கூப்பிட்ட வாய், வெளியாளைக் கூப்பிடுகிற மாதிரி வாங்க போங்க என்றது. தண்ணீரைக் கொடுத்தாள். "ரொம்ப நன்றிங்க" என்றான்.

மத்தியானம் நாத்தனார் வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, அவன் மிரண்டுபோய் ஆட்டக்காரியின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டான். "இந்தம்மா யாருக்கா? எதுக்கு அழுவறாங்க?"

கொஞ்சம் கொஞ்சமாக நினைவு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

நாத்தனாருக்கு அழுகை கோபமாக மாறியது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் வந்ததும் அதை ஒரு சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய், உடைந்த ஸ்டாண்டைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். "உங்க கம்பெனி சாமான்தானே இது? வா, கேட்போம்."

"வேண்டாம் அண்ணி."

"ஏன் வேண்டாம்? உனக்கு வேலை முக்கியம். எனக்கு என் தம்பி."

ஆட்டக்காரி பின்னாலேயே போனாள்.

சூப்பர்வைசர் அறையில் மேனேஜரும் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் ஸ்டாண்டை மேஜையில் டக்கென்று வைத்தாள். சூப்பர்வைசர் அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஒருதரம் ஆட்டக்காரியைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் அந்தப் புள்ளியை மூடிப் பிடித்துக்கொண்டார். அவளைக் காப்பாற்றத்தான் மூடினாரா, டிரம்மைத் திறந்தபடி வைத்திருந்த தன்னைக் காப்பாற்றவா, யாருக்குத் தெரியும்?

"என்ன பாட்டில்மா வெச்சிருந்தாரு?"

"எவர்சில்வர். பெருசு. நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"பாருங்க, இது பிளாஸ்டிக் பாட்டிலுக்குச் செய்யுறது. அவ்வளவு கனத்தை வெச்சா எது தாங்கும்? உங்களுக்கு வருத்தமா இருக்கும், எனக்குப் புரியுது. ஆனா எங்க சாமான்ல தப்பு இல்லை."

மேனேஜர் தலையாட்டினார். நாத்தனாரின் வெண்கலக் குரல் எங்கே போனதென்றே தெரியவில்லை. வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"நானே அவன் தலையில கல்லைப் போட்டுட்டேன். தண்ணி நாறினா நாறிட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம்ல? நான் வாங்கிக் குடுத்ததுதானே..."

ஆட்டக்காரி நின்றுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை இருக்கும், பழி போகிற இடத்துக்குப் போய்விட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் தோள் குலுங்குவதை அவளால் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பாட்டில் கனத்தால மட்டும் இல்லை அண்ணி. அது புது ஸ்டாண்டே இல்லை. நான் ஆட்டிப் பார்த்துட்டுக் குப்பையில போட்டது. இவரு வந்து எடுத்துட்டாரு."

நாத்தனார் நிமிர்ந்தாள். "உனக்குத் தெரியுமா?"

"மாட்டினப்பவே தெரியும். கோடு விழுந்ததும் தெரியும். கழட்டப் பார்த்தேன், வரலை. பஸ் வந்துடுச்சு."

"பஸ் வந்துடுச்சா?"

"ஆமா."

நாத்தனார் அடிப்பாள் என்று நினைத்து நின்றாள். அடித்திருந்தால் தேவலை. அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, வந்த பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள். இவள் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு தொழிற்சாலையில் அவள் வேலை போகவில்லை. சூப்பர்வைசர் இரும்பு வெட்டுகிற பெரிய கத்தரி ஒன்றைக் கொண்டுவந்து அவள் அறையில் வைத்தார். இனிமேல் சிவப்புப் புள்ளி வைத்தவற்றை ரெண்டாக வெட்டித்தான் டிரம்மில் போட வேண்டும் என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் கடைசி வேலை அதுதான். கத்தரியை அழுத்த ரெண்டு கையும் வேண்டியிருக்கும்.

அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நடக்கிறான், சாப்பிடுகிறான், வார்த்தை சில சமயம் தட்டுப்படாது. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது, ஆனால் எதற்குச் சிரிக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. சைக்கிளை மருந்துக்கடைக்காரரே எடுத்துக்கொண்டுபோய் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். காலையிலும் மத்தியானத்திலும் பஸ் வேலைக்கு நடுவில் நாத்தனார் வந்து பார்த்துக்கொள்கிறாள். அவளை அவன் மெல்ல ஏற்றுக்கொண்டான். வீட்டுக்காரம்மா என்று கூப்பிடுகிறான், வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரி என்று நினைப்பு. சாயங்காலம் வருகிற ஆட்டக்காரிதான் அக்கா. உதவிக்கு வருகிற நல்ல பொம்பளை.

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சாக்கா?" என்று ஒருநாள் கேட்டான்.

"ஆச்சு."

"அவரு என்ன பண்றாரு?"

"மருந்துக்கடையில இருந்தாரு."

"நல்ல மனுஷனா?"

"ரொம்ப."

"அப்ப நீங்க வீட்டுக்குப் போங்கக்கா. இருட்டப்போகுது. உங்களைத் தேடுவாருல்ல?"

அன்றைக்கு அவள் சிரித்து மழுப்பப் பார்த்தாள். அவன் விடவில்லை. நேரமாக ஆக அவனுக்குப் பதற்றம் கூடியது. ஊரார் என்ன சொல்வார்கள், ஓர் ஆம்பளை இருக்கிற வீட்டில் இருட்டினதும் நீங்கள் இருக்கலாமா என்று கையைப் பிசைந்தான். கடைசியில் அழுதுவிட்டான். அவள் பையை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். கீழே தெருவில் நின்றாள். மருந்தின் மயக்கத்தில் அவன் தூங்கியதும் மேலே போனாள். மறுநாளும் அப்படியே செய்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்குத் தன் வீட்டிலிருந்து விடைபெற்றுக்கொண்டு இறங்கி, மூடின கடை ஒன்றின் படியில் உட்காருகிறாள். எதிர்வீட்டுக்காரர் முதலில் விசாரித்தார், இப்போது விசாரிப்பதில்லை. காலையில் அவன் கண்விழிக்கும் முன்னே அவள் வேலைக்குப் போய்விடுகிறாள். அதனால் அவள் அங்கேதான் படுக்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது.

அவன் தூங்கினதும் நாத்தனார் மாடிப்படி விளக்கைப் போட்டுவிடுவாள். அதுதான் அடையாளம், பேசி வைத்துக்கொண்டதில்லை. ஒருமுறை நாத்தனாரே இறங்கி வந்து, கடைப் படியில் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்கு என் பேரைச் சொன்னான். என்னைப் பார்த்துச் சொல்லலை. சும்மா சொன்னான்" என்றாள். ஆட்டக்காரி அவள் கையைப் பிடிக்கப் போனாள். நாத்தனார் கையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை.

சில நாள் விளக்குப் போட நாத்தனார் மறந்துவிடுவாள். தெரு அடங்கி, கடைகள் ஒவ்வொன்றாகச் சாத்தி முடிக்கிறவரை ஆட்டக்காரி அந்தப் படியிலேயே உட்கார்ந்திருப்பாள். அது மறதிதானா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.