ஒருத்தராவது கேட்கட்டும்

ரிக்கார்டு போடுகிறவனுக்குப் பிடித்த பாட்டு என்று ஒன்று இருக்கக் கூடாது. இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது. ஊரார் விசேஷத்துக்கு ஊரார் கேட்கிற பாட்டைப் போடத்தான் அவனைக் கூப்பிடுகிறார்கள். இதை ஒப்புக்கொள்ள முடியாமல் தவித்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். கல்யாணப் பந்தலில் பெட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உயிருக்கு உயிரான இசைத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, காது புளித்துப்போன தட்டைப் பன்னிரண்டாவது தடவையாகச் சுழல விட்டிருப்பீர்கள். உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் காசிம் பாய் வைத்திருந்த மைக் செட் கடையில் நான் வேலை பார்த்தேன். அவருடைய அத்தாவுக்குத் தோல் வியாபாரம். மகனுக்கு அந்த வாடை ஆகவில்லை, ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வந்துவிட்டார். எனக்கும் அவருக்கும் வயது ஒன்றுதான். அவர் முதலாளி, நான் சூசை. அம்புட்டுத்தான் வித்தியாசம்.

ஐந்து தட்டு

புதுப்படம் எது வந்தாலும், படம் ஊருக்கு வருவதற்கு முன்பே அதன் பாட்டுத் தட்டுகள் முழுசாக எங்கள் கடைக்கு வந்துவிடும். அப்படி ஒரு படத்துக்கு ஐந்து தட்டு வந்தது. படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் ஊரில் அது ஐந்தே நாள் ஓடியது, அதாவது தட்டுக்கு ஒரு நாள். படத்தை நானும் பார்த்தேன். கதை என்னவென்று இன்றைக்குக் கேட்டால் தெரியாது. ஆனால் அந்த ஐந்து தட்டு, பத்துப் பக்கம் இருக்கிறதே, அதில் எந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் பாடுகிறவர் மூச்சு வாங்குவார் என்பதுவரை எனக்குத் தெரியும்.

முதல் தட்டில் அரை நிமிஷத்துக்கு வெறும் வயலின்தான். பிறகு ஒரு புல்லாங்குழல் வரும். அதன் பின்னால், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர் மாதிரி, சத்தமில்லாமல் குரல் வரும். இரண்டாவதில் ஒரு தாலாட்டு. மூன்றாவதில் முன்பக்கம் கல்யாணப் பாட்டு, பின்பக்கம் பிரிவுப் பாட்டு. நாலாவது கோமாளிப் பாட்டு, அதை விடுங்கள். ஐந்தாவதில் ஒரே பாட்டு இரண்டு பக்கமும் ஓடும். காதலன் கேள்வி கேட்பதோடு முன்பக்கம் முடிந்துவிடும். தட்டைத் திருப்பி, ஊசி மாற்றி வைத்தால்தான் அவள் பதில் சொல்லுவாள். எத்தனை தடவை கேட்டிருந்தாலும், அந்த ஊசி மாற்றுகிற நேரத்தில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

விசேஷ வீடுகளில் அந்தப் படத்தை ஒருவரும் கேட்கவில்லை. ஓடாத படத்தின் பாட்டைக் கல்யாணத்தில் போடுவது ராசியில்லை என்று ஒரு பேச்சும் இருந்தது. ஒட்டன்சத்திரத்தில் இன்னொரு மைக் செட்காரர் இருந்தார். அவருக்குத் தட்டு வேண்டியிருந்தது, காசிம் பாய்க்கு ஒரு பெரிய குழாய் வேண்டியிருந்தது. இந்த ஐந்தைக் கொடுத்து அந்தக் குழாயை வாங்கிக்கொள்வதாக இருவரும் பேசி முடித்துவிட்டார்கள். நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பாய்க்கு மனசு கேட்கவில்லை. பங்குனி முடிகிறவரை தவணை கொடுத்தார்.

"அதுக்குள்ள ஒருத்தராவது, நீ சொல்லாம, தானா வந்து இந்தப் படத்துப் பாட்டப் போடுன்னு கேக்கட்டும் சூசை, குழாயே வேணாம், வச்சுக்குவோம்."

பாடுகிறவர் வரவில்லை

கேட்காத பாட்டை யாரும் கேட்க மாட்டார்கள் அல்லவா? ஆகவே நாமே காதில் போட்டு வைப்போம் என்று முடிவு செய்தேன். பேகம்பூரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் வரச் செத்த நேரம் இருந்தது. பந்தலில் நல்ல கூட்டம். முதல் தட்டை எடுத்தேன், புது ஊசி போட்டேன், கண்ணை மூடிக்கொண்டேன்.

வயலின் ஆரம்பித்தது. எனக்குப் புல்லரித்தது. கூட்டத்தில் பேச்சு அடங்கி, எல்லோரும் குழாயை அண்ணாந்து பார்த்தார்கள். ஆகா, பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அவர்களோ செட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். பெண்ணின் தாய்மாமன் பிரியாணி அண்டா பக்கத்திலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். நல்ல மனுஷன், கோபமே படவில்லை. என் தோளைத் தட்டிப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"பாடுறவரு வர்ற வரைக்கும் வேற தட்டு ஓடட்டும் தம்பி."

தாலாட்டு

அடுத்து வத்தலக்குண்டு ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் மாதா கோயில் திருவிழா. நம் சனம், நம் கோயில், இங்கே எடுபடாமலா போகும் என்று நம்பிப் போனேன். மத்தியானப் பொழுது. வெயிலுக்குப் பயந்து பெண்டு பிள்ளைகள் எல்லாம் பந்தலுக்குள் இருந்தார்கள். மாதா பாட்டு நாலு போட்டுவிட்டு, சந்தடி சாக்கில் தாலாட்டை வைத்தேன்.

அந்தப் பாட்டுக்கு ஒரு குணம் உண்டு. ஒவ்வொரு அடி முடிவிலும் குரல் ஒரு படி இறங்கும், கேட்கிறவன் கண்ணும் ஒரு படி இறங்கும். பெட்டிக்குச் சாவி கொடுத்து வெகு நேரமாகியிருந்ததால் தட்டு கொஞ்சம் மெதுவாக வேறு சுற்றியது. இரண்டாவது அடியில் பிள்ளைகள் சாய்ந்தன, மூன்றாவதில் தாய்மார்கள் சாய்ந்தார்கள். கொடிமரத்தடியில் தலைப்பாகை கட்டிய பெரியவர்கள் இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பாட்டு ஜெயித்துவிட்டது என்று நான் பூரித்துப் போயிருந்தேன். திருவிழாக் கமிட்டியில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் என்னிடம் குனிந்து, எல்லோரும் தூங்குகிறார்களே என்று தானும் மெதுவாகவே சொன்னார்.

"கொஞ்சம் தூக்கத்தச் சாமியார் பிரசங்கத்துக்கும் மிச்சம் வைங்க தம்பி."

பின்பக்கம்

எங்கள் தொழிலில் கை ஒன்று செய்யும், புத்தி ஒன்று நினைக்கும். ஒரு பக்கம் முடிந்தால் கை தானாகத் தட்டைத் திருப்பிப் போட்டுவிடும். ஆனால் முன்பக்கம் சிரிக்கிற தட்டு பின்பக்கம் அழும். அதனால் அழுகைப் பக்கத்தின் நடுவில் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்திருப்போம். பொட்டு இருந்தால் விசேஷ வீட்டில் திருப்பக் கூடாது. என் ஐந்து தட்டுகளுக்கு மட்டும் நான் பொட்டு வைக்கவில்லை. அவற்றின் முகத்தில் சுண்ணாம்பு தடவ எனக்கு மனசு வரவில்லை.

தாடிக்கொம்பில் கல்யாணம். மூன்றாவது தட்டின் முன்பக்கத்தைப் போட்டேன். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள், சத்தியமாகப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தில் பக்கத்தில் இருந்தவர் நீட்டிய காப்பியை வாங்கினேன். கை தட்டைத் திருப்பிவிட்டது. ஐயர் தாலியை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்துச் சுற்றக் கொடுத்த நேரம், நாலு திசைக்கும் கேட்கிற மாதிரி ஒரு பெண் தன்னை விட்டுப் போன புருஷனை நினைத்து விம்மத் தொடங்கினாள். எவ்வளவு நல்ல விம்மல் தெரியுமா? அது வேறு விஷயம். ஊசியைப் பிடுங்கினேன். மேளக்காரர்கள் சமாளித்துக்கொண்டு கொட்டினார்கள், தாலி ஏறியது. மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும் பந்தியில் எனக்கு எதிரே வந்து நின்றார்.

"தாலி கட்டி முடியட்டும்னுகூடப் பாக்கலயே அப்பு, அதுக்குள்ள பிரிச்சு விட்டுட்டியே."

பெயர்ப் பாடம்

பங்குனி முடிய நாலு நாள்தான் இருந்தது. அப்போதுதான் குறுக்கு வழியில் இறங்கினேன், மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டி திறப்பு விழா. அதற்கும் எங்கள் செட்டுதான். காசிம் பாயும் வந்திருந்தார். தட்டை வாங்கிக்கொள்ளப் போகிற மைக் செட்காரரும், பொருளைப் பார்த்துவிடலாம் என்று வந்து உட்கார்ந்திருந்தார்.

மூட்டை தூக்கும் மாரப்பன் என்பவரை ஓரமாகக் கூட்டிப்போனேன். நல்ல உடம்பு, கள்ளம் கபடு இல்லாத முகம். காரியத்தைச் சொன்னேன். நீங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து இந்தப் படத்துப் பாட்டைப் போடுங்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், முதலாளி காதில் விழ வேண்டும் என்றேன். படத்தின் பெயரை ஏழெட்டுத் தடவை சொல்லிக் கொடுத்தேன். அவரும் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நின்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார்.

விழா ஆரம்பித்தது. மாரப்பன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நேராகப் பெட்டியிடம் வந்தார். என் பக்கத்தில் பாய், பாய்க்குப் பக்கத்தில் ஒட்டன்சத்திரத்துக்காரர். மாரப்பன் வாயைத் திறந்தார், மூடினார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். கடைசியில் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு என்னிடமே கேட்டார்.

"ஏனுங்க, நீங்க சொல்லிக் குடுத்த பேரு மறந்து போச்சுங்க, மறுக்கா ஒருக்காச் சொல்லுங்க."

கடை திறக்கவில்லையா?

காசிம் பாய் என்னைத் திட்டவில்லை. வீடு வருகிறவரை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பங்குனி முடிந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர் குழாயோடு வந்து தட்டுகளை வாங்கிப் போனார். நான்தான் பழைய செய்தித்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிக் கொடுத்தேன். பிள்ளையைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிறவனுக்குக்கூட அவள் மறுபடி வருவாள் என்ற தைரியம் இருக்கும். எனக்கு அது இல்லை. கடைக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன்.

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அது முக்கியம் என்று எனக்கே அதுவரை தெரியாது. தினமும் காலையில் கடை திறந்ததும் செட்டு சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு தட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் எப்போதும் போடுவது அந்த முதல் தட்டுத்தான். கொடுத்து அனுப்பிய மறுநாள் வேறு ஏதோ ஒன்றைப் போட்டேன். செத்த நேரத்தில் எதிர்க்கடைத் தையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார். இட்லிக் கடை அக்கா கரண்டியோடு வந்தது, வயலின் கேட்டால்தான் தன் மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புவதாம். சைக்கிள் கடைக்காரர், பீடிக் கடைக்காரர் என்று ஒவ்வொருவராக ஆறு பேர் வந்துவிட்டார்கள். அது சினிமாப் பாட்டு என்றே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் கடைக்கே உரிய பாட்டு என்று நினைத்திருக்கிறார்கள். எல்லோரும் கேட்டது ஒன்றையேதான்: அந்த வயலின் பாட்டு எங்கே, இன்னும் கடை திறக்கவில்லையா? பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மூன்று நாள் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் புதுக் குழாயைக் கம்பத்திலிருந்து அவரே அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஒருத்தர் கேட்டா வச்சுக்குவோம்னு சொன்னது நானு, இப்ப ஆறு பேரு கேட்டுட்டாக, கிளம்பு சூசை."

ஒட்டன்சத்திரத்தில்

குழாயை பஸ்ஸின் மேலே கட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். இனிமேல் அந்தத் தட்டுகளை விசேஷத்துக்கே எடுக்க மாட்டேன், பொட்டு வைத்துவிடுகிறேன், எதுவானாலும் சரி என்றேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் எங்களை உட்கார வைத்து மோர் கொடுத்தார். பாய் விஷயத்தைச் சொன்னார். அவர் மிகவும் சங்கடப்பட்டார். யாருமே கேட்காத தட்டு என்று சொல்லித்தானே கொடுத்தீர்கள், இங்கே கேட்க ஆள் வந்துவிட்டது, வாங்கிய நாளிலிருந்து தினமும் வந்து படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார், கேட்கிற ஆளை வைத்துக்கொண்டு எப்படிக் கொடுப்பது என்றார்.

அவரே முதல் தட்டை எடுத்துப் போட்டார். தெருவில் லாரிகளுக்கு நடுவே வயலின் கேட்டது. கத்தரிக்காய் மூட்டையோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் அப்படியே நின்றார். அரை நிமிஷமும் மூட்டையை இறக்காமல், குரல் வருகிறவரை நின்றார். குரல் வந்ததும் முகமெல்லாம் மலர்ந்து தலையை ஆட்டினார். மாரப்பன்தான். பெயரை மறந்த வெட்கத்தில், வேலை முடிந்து போகும்போதும் வரும்போதும் அதையே உருப்போட்டிருக்கிறார். அப்படி என்னதான் அந்தப் பாட்டில் இருக்கிறது என்று, தட்டு இந்தக் கடைக்கு வந்ததும் கேட்க வந்தவர் அதோடு மாட்டிக்கொண்டார். நான் ஏறெடுத்துப் பார்த்ததும் ஓடி வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வருத்தமா சந்தோஷமா என்று இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

"இப்பத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் பேரச் சொல்லிப் போடுவனுங்க, நீங்க சொல்லிக் குடுத்ததுங்க."

ஆக, என் பாட்டுக்கு ஒரு ரசிகர் வேண்டுமென்று ஊர் ஊராக அலைந்தேன், ரசிகரும் கிடைத்தார், நாங்கள் குழாயோடு திரும்பி வந்தோம்.