நெஞ்சு படபடத்த வருஷம்

பெரம்பலூரில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுத் தருவது என் பிழைப்பு. காலை ஆறு மணிக்கு அரியலூர் ரோட்டுப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் ஆரம்பிப்பேன். டீச்சர்கள், கல்லூரிப் பிள்ளைகள், புருஷன் வெளிநாட்டில் இருக்கும் லப்பைக்குடிக்காட்டுப் பெண்கள் என்று பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேர். பின் சீட்டில் உட்கார்ந்து, தோளில் கை வைத்து, "பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்று சொல்வதுதான் வேலையில் பாதி.

எனக்கு நாற்பத்தாறு வயதானபோது ஒரு காலையில் நானே பயந்துபோனேன்.

அன்று ஓட்டியவள் ஒரு நர்ஸ். வீடு பெரம்பலூர், வேலை அரியலூரில். முதல் தடவையாக அவளை மைதானத்திலிருந்து ரோட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். எதிரே ஒரு சுண்ணாம்புக்கல் லாரி வந்தது. தினம் பார்க்கிற லாரிதான். ஆனால் திடீரென்று என் நெஞ்சு அடிக்கிற சத்தம் காதுக்குள் கேட்டது. கழுத்திலிருந்து அனல் ஏறி முகமெல்லாம் பரவியது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "பிரேக்கைப் பிடி" என்று சொல்ல வேண்டும். பிரேக் என்ற வார்த்தை வரவில்லை. "அதை... அதைப் பிடி" என்று கத்தினேன். நல்லவேளை, அவளாகவே ஓரம் கட்டினாள்.

"என்னக்கா, இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஒன்னுமில்ல, சாப்பிடாம வந்துட்டேன்."

பொய் சொன்னேன். எனக்கு அம்மா ஞாபகம் வந்திருந்தது. திருமழபாடியில் ஒரு மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, கொடிக்குக் கீழேயே விழுந்து செத்துப்போனாள். ஹார்ட் அட்டாக் என்றார்கள். வயது நாற்பத்தேழு. அதற்கு முன் பல மாதங்களாக, "படபடன்னு வருதுடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை கொடுத்தார்கள். நாங்களும் நம்பினோம். எனக்கும் இன்னும் ஒரு வருஷம்தான் என்று அந்த ரோட்டோரத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அதன்பிறகு அந்தப் படபடப்பு வாரத்தில் மூன்று நான்கு தடவை வந்தது. தூக்கம் போனது. பத்து வருஷமாகப் போய்வரும் தெருவில், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் வண்டியை நிறுத்தி நின்றேன். கணவரிடம் சொன்னதும் டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்.

"நார்மல். இந்த வயசுல பொம்பளைங்களுக்கு டென்ஷன் ஜாஸ்தி" என்றவர், என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுல எதுவும் சண்டை போடாதீங்க சார்."

தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வார்த்தை மறப்பதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். நார்மல் என்றதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் கூடியது. அம்மாவுக்கும் இப்படித்தானே சொன்னார்கள்.

பிறகு இரண்டு மாதம் தூரம் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளை வைத்துக்கொண்டு இதென்ன அசிங்கம் என்று, தெரியாத மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் அட்டை வாங்கினேன். இல்லை என்று காட்டியது. அடுத்த வாரமே உதிரப்போக்கு ஆரம்பித்து, பதினாறு நாளாகியும் நிற்கவில்லை. கட்டி கட்டியாகப் போனது. ஒரு காலை, வண்டியிலிருந்து இறங்கியபோது சீட்டில் கறை. முந்தானையால் துடைத்துவிட்டு, ஓட்டிய பெண்ணை அதற்குமேல் ஓட்டவிடாமல் அனுப்பிவிட்டேன்.

இரண்டாவது டாக்டர் ஸ்கேன் எடுத்துவிட்டு என்னிடம் பேசவில்லை, கணவரிடம் பேசினார். "கர்ப்பப்பை தடிச்சிருக்கு. பிள்ளை பெத்தாச்சு, இனிமே எதுக்கு? எடுத்துடலாம். விட்டா கேன்சர்ல கொண்டு போய் விடலாம். வியாழக்கிழமை அட்மிட் ஆகிடுங்க."

கேன்சர் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து, மகளுக்குப் பிடித்த மீன் குழம்பை எப்படி வைப்பது என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். புளி கரைக்கிற இடத்தோடு நிறுத்திவிட்டேன்.

மூன்று நாள் வகுப்புக்குப் போகாததால் அந்த நர்ஸ் போன் செய்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"உள்ளருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்களாக்கா?"

"இல்லையே."

"ரத்தமாவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்புறம் எதை வெச்சுக்கா ஆபரேஷன்? வியாழக்கிழமை அங்க போகாதீங்க. எங்க டாக்டரம்மாகிட்ட வாங்க."

போகாமல் விட்டு உள்ளே ஏதாவது முற்றிவிட்டால்? கணவருக்கும் அதே பயம். "டாக்டர் சொன்னதை மீறலாமா?" என்று கேட்டுக்கொண்டேதான் வியாழக்கிழமை என்னோடு அரியலூர் பஸ்ஸில் ஏறினார்.

அந்த டாக்டரம்மாவுக்கும் என் வயதுதான் இருக்கும். "மொதல்லேருந்து சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். கடைசியாக ஒழுங்காகத் தூரம் வந்தது எப்போது, எத்தனை நாள், எத்தனை துணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு, நான் சொல்வதற்கு முன்பே, "தெரிஞ்ச வார்த்தை மறந்துபோகுதா?" என்று கேட்டார். "ஆமாங்க மேடம்" என்றேன்.

"உங்க அம்மாவுக்கு எப்ப நின்னுச்சு?"

"நிக்கலங்க மேடம். அதுக்குள்ள போயிட்டாங்க." படபடப்பு, கொடி, நாற்பத்தேழு எல்லாம் சொன்னேன்.

பேனாவைக் கீழே வைத்தார். "மாதவிடாய் நிக்கிறதுக்கு முன்னாடி சில வருஷம் உடம்பு இப்படி ஆட்டம் காட்டும். இது அதுதான்னு நெனைக்கிறேன். ஆனா வெறும் நெனைப்ப வெச்சு உங்கள வூட்டுக்கு அனுப்ப மாட்டேன். நெஞ்சையும் முழுசா பாத்துடுவோம்."

இதய ஸ்கேன், தைராய்டு, ரத்தம், கர்ப்பப்பைக்குள்ளிருந்து எடுத்த சிறு சதை. அந்தச் சதையின் ரிசல்ட்டுக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் போன் அடித்தால் ஆஸ்பத்திரி நம்பரா என்றுதான் முதலில் பார்த்தேன். சாமி காரியத்தில் அவ்வளவு பிடிப்பில்லாத கணவர், ஒருநாள் சாயங்காலம் நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். செட்டிகுளம் மலைக்கோயிலுக்குப் போயிருக்கிறார்.

பதினோராம் நாள் டாக்டரம்மா காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். கெட்டது எதுவும் இல்லை. நெஞ்சு நன்றாக இருக்கிறது. ரத்தம்தான் ரொம்பக் குறைந்திருக்கிறது, படபடப்புக்கு அதுவும் ஒரு காரணம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. போக்கைக் கட்டுப்படுத்தவும் ரத்தம் ஊறவும் மாத்திரை கொடுத்தார். மூன்று மாதத்தில் மறுபடி வரச் சொன்னார்.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே அனல் ஏறியது. இது என்னவென்று இப்போது தெரியும். தெரிந்தும் பயமாகத்தான் இருந்தது. கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிஷத்தில் அது அடங்கியது.

அந்த வாரம் வரதராஜன்பேட்டையில் இருக்கும் தங்கைக்குப் போன் போட்டேன். அவளுக்கு நாற்பத்திரண்டு. எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"கேக்குதாடி?"

"கேக்குதுக்கா" என்றாள். "எனக்கும் நாலு மாசமா இப்படித்தான் இருக்கு. அம்மா மாதிரி ஆயிடுவேனோன்னு யாருகிட்டயும் சொல்லல."

தூரம் வந்த தேதியெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு, நானும் வருகிறேன் என்றேன்.